டிவிஷன்

துளைக்கருவி நின்றுவிட்ட நாள்.
மழை. கொத்மலை ஓயா செங்காவியாய் ஓடியது.
ஆற்றுக்கு அடியில் எங்கே கல், எங்கே பொய்க்கல் என்று
பார்க்க வந்த ஜப்பான் கூட்டத்தில்
இசோகாவாதான் வயதாளி.
நான் அவருடைய பெட்டிக்காரன்:
பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாய் வரும் பாறையை
வரிசை குலையாமல் அடுக்கி
நாற்பது மீட்டர், நாற்பத்தொன்று என்று
பெயின்ட்டில் எழுதுகிறவன்.

படங்குக்குக் கீழே தேத்தண்ணி.
"நான் ஒரு டிவிஷனில் இருந்தேன்" என்றார்.
இங்கிலீஷில் அவர் சொல்ல, சிங்களத்தில் டிரைவர் பியதிலக சொல்ல,
எனக்குள் வந்து தமிழாகும்போது
அந்த ஒரு சொல் மட்டும் மாறவே இல்லை.
"எந்த டிவிஷன்? மேலா, கீழா?" என்று கேட்டுவிட்டேன்.
எங்கள் தோட்டத்தில் இரண்டே டிவிஷன்.
பியதிலக சிரித்தான். பட்டாளத்து டிவிஷனாம்.

நாற்பத்தைந்தாம் வருஷம், பங்குனி வாக்கில்,
தோற்றுக்கொண்டிருக்கும்போது புதிதாய்க் கட்டியது.
மீசை முளைக்காதவன், மூக்குக்கண்ணாடிக் கிளார்க்கு,
நாற்பது தாண்டிய மீன்காரன்.
மூன்று பேருக்கு ஒரு துவக்கு.
மற்ற இருவருக்கும் சீவிய மூங்கில்.
தண்ணிக்குடுவையும் மூங்கில்.
வேலை, கடலைப் பார்த்துக் குழி வெட்டுவது.
டாங்கி வரும். வெடிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்து
குழிக்குள் உட்கார்ந்திரு. தலைக்கு மேலே வரும்போது
கைகளை விரித்துக் காட்டினார்.
தேத்தண்ணி கொஞ்சம் சிந்தியது.

"எதுக்காக அந்த டிவிஷன்?"
அவர் சொன்னதைப் பியதிலக வாய்க்குள் புரட்டி
"மவ்பிம காக்க" என்றான்.
தாய்நாடு.
சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல்
அணைந்த பீடியை இழுத்தான்.
என் பெயர் எந்த நாட்டுப் பதிவிலும் ஏறவில்லை,
அவனுக்குத் தெரியும்.
கண்டிக் கந்தோரில் ஒரு மனு, கொழும்பில் ஒரு மனு,
இரண்டிலும் அப்பன் பெயர் வேறுவேறு எழுத்தில்.

மழை விட்டது. ஏழாம் நம்பர் மலை வழியாக நடந்தோம்.
மேல் டிவிஷன் லயத்துக்குப் பின்னால் அவர் நின்றார்.
தேயிலைக்கு நடுவே ஆறு குழி.
"கான் வெட்டியது, தொரை" என்றேன்.
குடையைப் பியதிலகவிடம் கொடுத்துவிட்டு
ஒன்றில் இறங்கினார். அறுபது வயது.
முழங்காலை மடக்கி, கொழுந்துக்கு மேலே
கண் மட்டும் தெரிய உட்கார்ந்து
லாரிப் பாதையின் வளைவைப் பார்த்தார்.
சரியாக அந்த வளைவை.
"ஆழம் போதாது" என்றார்.

எண்பத்து மூன்று, ஆடி.
அந்தக் குழியில் மூன்று ராத்திரி
நானும் அங்கமுத்துவும் பூசாரி மகனும்.
கவ்வாத்துக் கத்தி. ஒரு டின் மிளகாய்த்தூள்.
லாரிகள் வந்தன. வளைவில் விளக்கை அணைத்தன.
என்ன நினைத்தார்களோ, கீழே திரும்பினார்கள்.
கீழ் டிவிஷன் எரிந்தது.
கூரைத் தகரம் வெடிக்கிற சத்தத்தை எண்ணிக்கொண்டு
நாங்கள் எழும்பவில்லை.
"காவல்காரன் இடம் மாறக்கூடாது" என்றான் அங்கமுத்து.
சரியான பேச்சு. இன்றைக்கும் சரியான பேச்சுதான்.

நான் இதைச் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது.
பியதிலக இங்கிலீஷில்.
அவன் சொன்னது நான் சொன்னதைவிடச் சின்னதாய்க் கேட்டது.
ஆனாலும் இசோகாவா தலையை ஆட்டினார்.
அவருக்கு முன்னால் வேறொரு டிவிஷனைத் தீவுக்கு அனுப்பினார்களாம்.
அதில் அவர் அண்ணன்.
இவர்கள் கடலைப் பார்த்தபடியே இருந்தார்கள்.
யாரும் வரவில்லை. ரேடியோவில் ஒரு குரல், அவ்வளவுதான்.
கணக்குப் பார்த்தேன். அதுவும் ஆடி மாசம்தான்.

கை கொடுத்தேன்.
பாறையைத் தூக்குகிற மாதிரி, முறியாமல், மெதுவாய்.
முழங்காலில் செம்மண்.
சண்டை முடிந்ததும் அந்தக் குழிகளில்
வத்தாளைக் கொடி நட்டார்களாம். அவ்வளவு பசி.
கிழங்கு நன்றாய்ப் பிடித்ததாம்.
"நீங்கள் இதில் என்ன நட்டீர்கள்?"

"நாங்க இன்னும் மூடலை, தொரை."

பியதிலக வாயைத் திறந்தான்.
எந்தச் சொல்லில் தொடங்குவதென்று
வளைவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்,
மடக்காத குடையோடு.